அட்டவணையைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க: கிடைமட்ட உருள்பட்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீடாமங்கலம் பக்கம் விவசாயிகளுக்காக ஒரு சிறு இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மேட்டூர் அணையின் நிலவரமும், கல்லணையில் எந்த ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் பிரித்து விடுகிறார்கள் என்பதும் தினமும் அதில் ஏறும். நாள், மேட்டூர் மட்டம் (அடி), இருப்பு (டிஎம்சி), வரத்து, வெளியேற்றம், அப்புறம் கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று மொத்தம் 9 நெடுவரிசை. பார்ப்பவர்கள் கையில் இருப்பதோ செல்போன். இந்த ஒரு அட்டவணையை ஒழுங்காகக் காட்டப் போய்த்தான் கிடைமட்ட உருள்பட்டையின் நெளிவு சுளிவெல்லாம் எனக்குப் பிடிபட்டது. ரைஸ் மில், விதைக் கடை, கூட்டுறவுச் சங்கம் என்று டெல்டாவில் பலருக்கும் பக்கம் செய்து கொடுக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை.

டேக் (பக்கத்தின் உறுப்புகளைக் குறிக்கும் எச்டிஎம்எல் குறி), பண்பு (அவற்றின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கட்டளை) ஆகியவற்றின் பெயர்களை இங்கே உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

உருள்பட்டை போடுவதற்கென்று எச்டிஎம்எல்லில் தனி டேக் இருக்கிறதா?

இல்லை. உருள்பட்டையை நாம் வரைவதில்லை, பிரவுசர்தான் வரைகிறது. நாம் செய்வது ஒரு பெட்டியைக் கொடுத்து, உள்ளே இருப்பது பெட்டியைவிட அகலமாகிவிட்டால் மிச்சத்தை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது மட்டும்தான். வாய்க்காலின் கொள்ளளவை மீறித் தண்ணீர் வந்தால் கரை வழிய விடுவதா, மதகைத் திறப்பதா என்று முடிவு செய்கிற மாதிரி. அந்த முடிவைச் சொல்லும் சிஎஸ்எஸ் பண்புக்குப் பெயரே ‘ஓவர்ஃப்ளோ’தான், அதாவது வழிதல். பக்கவாட்டுக்கு மட்டும் சொல்ல ‘ஓவர்ஃப்ளோ-எக்ஸ்’.

அட்டவணையைச் சுற்றி ஒரு டிவ், அதாவது வெறும் பெட்டியாக நிற்கும் டேக், போடுங்கள். அந்த டிவ்வுக்கு ‘ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ’ என்று கொடுங்கள். அடிப்படை இவ்வளவுதான்.

டேபிள் டேக்குக்கே அந்தப் பண்பைக் கொடுத்துவிட்டால் என்ன? எதற்குக் கூடுதலாக ஒரு டிவ்?

கொடுத்துப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. அட்டவணை தன் உள்ளடக்கத்துக்கு ஏற்றபடி விரிந்துகொள்ளும் இயல்புடையது. தன்னைத் தானே உருட்டும் பெட்டியாக அது மாறாது. ‘டிஸ்ப்ளே: பிளாக்’ என்று கொடுத்து டேபிளை வழிக்குக் கொண்டுவரும் குறுக்குவழி ஒன்று உண்டு. அது வேலை செய்யும், ஆனால் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) வைத்துப் படிப்பவருக்கு ‘இது அட்டவணை, இத்தனை வரிசை, இத்தனை நெடுவரிசை’ என்ற தகவல் சில பிரவுசர்களில் தொலைந்துபோகிறது. வெளியே ஒரு டிவ் போடுவது ஒரு வரி வேலை. அதையே செய்யுங்கள்.

டிவ்வும் போட்டேன், ஆட்டோவும் கொடுத்தேன். பட்டை வரவில்லை, எழுத்துகள்தான் நெருக்கியடிக்கின்றன.

அட்டவணை முதலில் தன்னால் முடிந்தவரை சுருங்கிப் பார்க்கும். ‘கல்லணைக் கால்வாய்’ என்பதை இரண்டு வரியாக மடிக்கும், தேதியைக்கூடக் கோடு வரும் இடத்தில் உடைக்கும். இனி மடிக்கவே முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் வழியும். வழிந்தால்தான் பட்டை. அதற்குள் அட்டவணை படிக்க முடியாத கோலத்துக்கு வந்துவிடும்.

அதனால் சுருங்குவதற்கு ஓர் எல்லை வைக்க வேண்டும். எண்களும் தேதியும் உள்ள கட்டங்களுக்கு ‘ஒயிட்-ஸ்பேஸ்: நோராப்’ கொடுத்தால் மடியாது. அல்லது அட்டவணைக்கு ‘மின்-விட்த்’ ஆக ஓர் அளவு கொடுக்கலாம். எனக்கு 44 எம் (எழுத்தின் அளவை வைத்துக் கணக்கிடும் அலகு) சரியாக வந்தது. உங்கள் எழுத்துருவைப் பொறுத்து அது மாறும். குறிப்பு என்று நீளமாக எழுதும் நெடுவரிசை இருந்தால் அதற்கு மட்டும் நோராப் வேண்டாம், ஒரு பத்தியே ஒற்றை வரியாக நீண்டுவிடும்.

அளவை ‘சிஎச்’ என்ற அலகில் கொடுக்காதீர்கள். அது 0 என்ற எண்ணின் அகலத்தை வைத்துக் கணக்கிடுவது. நம் ‘ணை’, ‘ஞ’, ‘ழ’ போன்ற எழுத்துகள் அதைவிட நன்றாகவே அகலம். பத்து எழுத்துக்கு 10 சிஎச் போதும் என்று கணக்குப் போட்டால் தமிழில் கட்டாயம் பற்றாது.

ஆட்டோ, ஸ்க்ரோல், ஹிடன்: எதைப் போடுவது?

ஆட்டோ. தேவைப்பட்டால் மட்டும் பட்டை வரும். ஸ்க்ரோல் என்றால், பட்டைக்குத் தனி இடம் ஒதுக்கும் கணினிகளில், உள்ளே எல்லாம் அடங்கினாலும் வெறும் பட்டை எப்போதும் நிற்கும். ஹிடன் என்றால் மிச்சத்தை வெட்டிவிடும், படிப்பவர் விரலால் தள்ளியும் பார்க்க முடியாது. தகவல் உள்ள எந்தப் பெட்டிக்கும் ஹிடன் போடாதீர்கள்.

செல்போனில் பட்டை தெரியவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் சறுக்கியது இங்கேதான்.

செல்போன்களில் உருள்பட்டை, தள்ளும்போது மட்டும் மெல்லிய கோடாகத் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். ஆப்பிள் கணினிகளிலும் 2011-இல் வந்த லயன் பதிப்பிலிருந்து இதுதான் வழக்கம், மவுஸ் செருகினால் மட்டும் நிலையாக நிற்கும். ஆக, பக்கத்தைத் திறந்தவுடன் வலப்பக்கம் இன்னும் இருக்கிறது என்று காட்ட அங்கே ஒன்றுமே இல்லை.

நான் முதலில் செய்த பக்கத்தில், அழகாக இருக்கட்டும் என்று கணினியிலும் பட்டையை மறைத்து வைத்திருந்தேன். செல்போனில் முதல் நான்கு நெடுவரிசை மிகச் சரியாக உள்ளே அடங்கி நின்றது. ஒரு நாள், எங்கள் பக்கம் வெண்ணாறு பிரியும் மூணாறு தலைப்புக்குத் தெற்கே நிலம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டார்: “மேட்டூர்ல எவ்வளவு இருக்குன்னு போடுறீங்க, சரி. வெண்ணாத்துல எவ்வளவு விட்டிருக்காங்கன்னு போடவே இல்லையே தம்பி?” போட்டுத்தான் இருந்தேன், ஏழாவது நெடுவரிசையில். அவருக்கு வேண்டியது அந்த ஒரு எண். நாற்றங்கால் விட்டுவிட்டு அதற்காகத்தான் அவர் தினமும் பக்கத்தைத் திறந்திருக்கிறார். அட்டவணை நான்கோடு முடிந்துவிட்டது என்று அவர் நினைத்ததில் அவர் தவறு எதுவும் இல்லை, அப்படித்தான் நான் காட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்தவை:

முதலில் வரிசையை மாற்றினேன். எங்கள் பக்கத்துக்கு வருபவர்கள் வெண்ணாற்றுப் பாசனக்காரர்கள், அதனால் நாளுக்கு அடுத்து வெண்ணாறு. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் யாராவது இதே பக்கத்தைச் செய்தால் கல்லணைக் கால்வாயை, அதாவது அங்கே புது ஆறு என்று சொல்வதை, முன்னால் கொண்டுவர வேண்டும். கொள்ளிடக் கரை ஊர்களுக்கு மழைக்காலத்தில் கொள்ளிடம்தான் முதலில். எந்த உருள்பட்டையும் செய்யாத உதவியை இந்த மாற்றம் செய்யும்.

இரண்டாவது, விளிம்பில் ஒரு நெடுவரிசை பாதி வெட்டுப்பட்டு நிற்கும்படி அகலத்தை அமைத்தேன். ‘கல்லணைக் கா’ என்று பாதியில் நின்றால் யாருக்கும் தள்ளிப் பார்க்கத் தோன்றும். முழுசாக அடங்கி நின்றால் தோன்றாது. 360 பிக்சல், 390 பிக்சல், 412 பிக்சல் என்று போன்களின் அகலம் வேறுபடுவதால் எல்லாவற்றிலும் பாதியில் நிற்கவைக்க முடியாது. இருக்கிற போன்களில் பார்த்து நெடுவரிசை அகலத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அட்டவணைக்கு மேல் ஒரு வரி: ‘காவிரி, கொள்ளிடம் அளவுகளுக்கு வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள்.’ வெறுமனே ‘தள்ளவும்’ என்று எழுதாமல், தள்ளினால் என்ன கிடைக்கும் என்று எழுதியபோதுதான் பலன் இருந்தது.

வலது விளிம்பில் மெல்லிய நிழல் விழவைக்கும் வழியும் இருக்கிறது. டிவ்வின் பின்னணியாக நான்கு கிரேடியன்ட் (படிப்படியாக மாறும் நிறம்) கொடுத்து, இரண்டுக்கு ‘பேக்கிரவுண்ட்-அட்டாச்மென்ட்: லோக்கல்’, இரண்டுக்கு ‘ஸ்க்ரோல்’ என்று வைத்தால், தள்ளத் தள்ள நிழல் தானாகத் தோன்றி மறையும், ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: கட்டங்களுக்குப் பின்னணி நிறம் கொடுத்திருந்தால் அது நிழலின் மேல் ஏறி மூடிவிடும்.

தள்ளும்போது தேதி மறைந்துவிடுகிறது. முதல் நெடுவரிசையை மட்டும் நிற்கவைக்கலாமா?

தாராளமாக. நிற்கவைத்தே ஆக வேண்டும் என்பேன். எண்ணை மட்டும் பார்த்து எந்த நாள் என்று தெரியாவிட்டால் அட்டவணை எதற்கு? முதல் நெடுவரிசைக் கட்டங்களுக்கு ‘பொசிஷன்: ஸ்டிக்கி’, ‘லெஃப்ட்: 0’ கொடுங்கள். கூடவே பின்னணி நிறம் கட்டாயம், இல்லாவிட்டால் நகரும் எண்கள் அடியில் தெரிந்து இரண்டும் கலந்துவிடும். எது மேலே நிற்க வேண்டும் என்று சொல்லும் ‘இசட்-இண்டெக்ஸ்’ 1 போதும்.

கோடுகள் காணாமல் போகிறதே என்று அடுத்துக் கேட்பீர்கள். ‘பார்டர்-கொலாப்ஸ்: கொலாப்ஸ்’ என்று இருந்தால் கோடுகள் கட்டத்துக்குச் சொந்தமில்லை, அட்டவணைக்குச் சொந்தம். கட்டம் நின்றாலும் கோடு நகர்ந்துவிடும். ‘செபரேட்’ என்று மாற்றி ‘பார்டர்-ஸ்பேசிங்: 0’ வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழ்க்கோடும் வலக்கோடும் தனியாகக் கொடுங்கள்.

நிற்கும் நெடுவரிசை ஒல்லியாக இருக்கட்டும். ‘12-06’ என்று தேதி போதும், ஆண்டை மேலே தலைப்பில் சொல்லிவிடலாம். திரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது பிடித்துக்கொண்டால் நகர்வதற்கு இடமில்லாமல் போகும்.

தலைப்பு வரிசையும் மேலே ஒட்டி நிற்க வேண்டும். ‘டாப்: 0’ கொடுத்தும் ஒட்டவில்லை.

ஓவர்ஃப்ளோ-எக்ஸுக்கு ஆட்டோ கொடுத்தவுடன் ஓவர்ஃப்ளோ-ஒய்யும் ஆட்டோவாக மாறிவிடும். ஒரு பக்கம் உருளட்டும், மறுபக்கம் வழியட்டும் என்று சிஎஸ்எஸ் விடாது. அதனால் தலைப்பு வரிசை ஒட்டப் பார்ப்பது பக்கத்தின் உச்சியில் அல்ல, அந்த டிவ்வின் உச்சியில். டிவ்வோ மேலும் கீழும் நகராமல் முழு நீளத்துக்கு நிற்கிறது, பிறகு எங்கே ஒட்டும்?

டிவ்வுக்கு ‘மேக்ஸ்-ஹைட்’ கொடுங்கள், திரை உயரத்தில் 75 சதவீதம் மாதிரி. இப்போது டிவ் இரண்டு திசையிலும் உருளும், தலைப்பும் ஒட்டும். இன்னொரு நன்மையும் உண்டு. கிடைமட்டப் பட்டை எப்போதும் திரைக்குள்ளேயே இருக்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதிலிருந்து ஜனவரி 28-இல் மூடுவது வரை நாளுக்கு ஒரு வரிசை என்று போட்டால் 231 வரிசை. உயரத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் பட்டை 231-ஆவது வரிசைக்குக் கீழே இருக்கும், அதைத் தேடிக் கீழே போய், தள்ளிவிட்டு, மறுபடி மேலே வர வேண்டும்.

அதே சமயம், பத்து வரிசை உள்ள அட்டவணைக்கு இது வேண்டாம். செல்போனில் பக்கத்துக்குள் இன்னொரு உருளும் பெட்டி இருந்தால், கீழே போக நினைத்த விரல் அதில் மாட்டிக்கொள்ளும். நீளமான அட்டவணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை மட்டும் இல்லை, முழுப் பக்கமுமே இடமும் வலமுமாக ஆடுகிறதே?

இது வேறு நோய். அட்டவணை தள்ளலாம், பக்கம் தள்ளக் கூடாது. பக்கமே நகர்ந்தால் படிப்பவருக்கு ஒவ்வொரு வரியும் வலப்பக்கம் போய் இடப்பக்கம் திரும்பும் வேலையாகிவிடும்.

எது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எல்லா உறுப்புக்கும் தற்காலிகமாக ஒரு சிவப்பு ‘அவுட்லைன்’ கொடுத்துப் பாருங்கள், நீட்டுகிற பெட்டி உடனே கண்ணில் படும். ஃபயர்பாக்ஸில் பக்கத்தின் உள்ளமைப்பைக் காட்டும் இன்ஸ்பெக்டர், உருளும் பெட்டிக்கு ‘ஸ்க்ரோல்’ என்று ஒரு பட்டயம் ஒட்டிக் காட்டும், அதைச் சொடுக்கினால் குற்றவாளி யார் என்றும் காட்டும். எனக்கு அது நிறைய நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

வழக்கமாக மாட்டுபவை: அகலத்துக்கு 100 விடபிள்யூ, அதாவது திரையின் முழு அகலம், கொடுத்திருப்பது (விண்டோஸில் செங்குத்துப் பட்டைக்குப் போகும் இடத்தையும் சேர்த்து அது எண்ணிவிடும், 100 சதவீதம் என்று மாற்றினால் சரியாகும்), ‘மேக்ஸ்-விட்த்: 100%’ இல்லாத படம், உடையாத நீளமான இணைய முகவரி. முகவரிக்கு ‘ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்’ நல்ல மருந்து. தமிழ் உரைக்கு மட்டும் ‘வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்’ வேண்டாம். ‘மேட்டூ’ ஒரு வரியிலும் ‘ர்’ அடுத்த வரியிலுமாக உடைத்துவிடும். மெய்யெழுத்தில் தொடங்கும் வரியைப் பார்த்தாலே உறுத்தும்.

அப்புறம், தலைப் பகுதியில் வியூபோர்ட் மெட்டா டேக் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் செல்போன் பக்கத்தைக் கணினித் திரை அகலத்துக்கு வரைந்து சுருக்கிக் காட்டும். ஐபோனில் அந்த அகலம் 980 பிக்சல். பிறகு நீங்கள் செய்யும் எந்த வேலைக்கும் அர்த்தம் இருக்காது.

பாடி டேக்குக்கு ‘ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன்’ போட்டுவிட்டால் ஆட்டம் நின்றுவிடும் என்று சொல்லித் தருகிறார்கள். நிற்கும், ஆனால் நீட்டிக்கொண்டிருந்தது வெட்டுப்பட்டுப் போகும். எச்டிஎம்எல் டேக்குக்கும் சேர்த்துப் போட்டால் ஸ்டிக்கியும் ஒட்டாமல் போகும். காரணத்தைத் தேடிச் சரிசெய்யுங்கள். வேறு வழியே இல்லாமல் ஏதோ ஒரு அலங்காரப் பெட்டியை வெட்ட வேண்டுமானால் ஹிடனுக்குப் பதில் ‘கிளிப்’ என்பது தேவலாம், அது உருளும் பெட்டியை உண்டாக்காது.

பக்கவாட்டில் மெனு, நடுவில் அட்டவணை. ஆட்டோ கொடுத்தும் நடுப்பகுதி விரிந்துகொண்டே போகிறது.

பெட்டிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் அல்லது கிரிட் முறையைப் போட்டிருப்பீர்கள். அவற்றின் பிள்ளைகள், அதாவது நேர் உள்ளே இருக்கும் பெட்டிகள், தம் உள்ளடக்கத்தைவிடக் குறுகாது, அதுதான் இயல்புநிலை. ஃப்ளெக்ஸ் பிள்ளைக்கு ‘மின்-விட்த்: 0’ கொடுங்கள். கிரிட்டில் ‘1எஃப்ஆர்’ என்று இருப்பதை ‘மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)’ என்று மாற்றுங்கள். ஒரே வரி. இது தெரியாமல் நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன்.

பட்டையின் நிறத்தையும் தடிமனையும் மாற்றலாமா?

‘ஸ்க்ரோல்பார்-கலர்’ நிறத்துக்கு (முதலில் நகரும் கட்டை, அடுத்து தடம்), ‘ஸ்க்ரோல்பார்-விட்த்’ தடிமனுக்கு. ஃபயர்பாக்ஸில் 2018 முதலும் குரோமில் 2024 முதலும் இவை இருக்கின்றன. பழைய ‘வெப்கிட்-ஸ்க்ரோல்பார்’ முறையும் கணினிக் குரோமில் நடக்கும், ஐபோனில் பலிக்காது.

‘தின்’ என்று மெலியவைக்காதீர்கள். இ-சேவை மையத்தில் பழைய மவுஸைப் பிடித்துக்கொண்டு அந்த மெல்லிய கட்டையைப் பிடித்து இழுக்க ஒருவர் படும் பாட்டைப் பார்த்தால் அந்த எண்ணமே வராது. நிறமும் பின்னணியோடு கலக்காமல் பளிச்சென்று இருக்கட்டும்.

விரலோ டச்பேடோ இல்லாதவர்கள் எப்படித் தள்ளுவார்கள்?

சாதா மவுஸ் வைத்திருப்பவர் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் பக்கவாட்டில் நகரும். நிறையப் பேருக்கு இது தெரியாது, சொல்லிக் கொடுங்கள்.

விசைப்பலகை மட்டும் பயன்படுத்துபவருக்காக டிவ்வுக்கு ‘டேப்இண்டெக்ஸ்’ 0 கொடுக்க வேண்டும். அப்போதுதான் டேப் விசையால் பெட்டிக்கு வந்து அம்புக்குறி விசையால் தள்ள முடியும். குரோம் 130-ஆம் பதிப்பிலிருந்து, ஃபயர்பாக்ஸில் அதற்கும் முன்பிருந்து, உருளும் பெட்டி தானாகவே டேப்புக்கு நிற்கிறது. எல்லாரும் புதிய பதிப்பு வைத்திருப்பதில்லை, அதனால் எழுதிவிடுவதே நல்லது. கூடவே ‘ரோல்: ரீஜன்’, ‘ஏரியா-லேபிள்’ ஆக ‘கல்லணை நீர்ப் பங்கீட்டு அட்டவணை’ என்பது போல ஒரு பெயர். பெயர் இல்லாவிட்டால் திரைவாசிப்பான் அந்த இடத்தில் நிற்கும், எதில் நிற்கிறது என்று சொல்லாது. டேப்பில் வந்து நிற்கும்போது தெரியும் சுற்றுக்கோட்டை அழிக்காதீர்கள்.

உருளும் பெட்டிக்குள் தமிழ் எழுத்தின் அடிப்பகுதி வெட்டுப்படுகிறது.

மேலே சொன்ன அதே காரணம்: பக்கவாட்டில் ஆட்டோ கொடுத்தால் மேல்கீழும் அடைபட்டுவிடுகிறது. ‘ழு’, ‘ஞ’, ‘ஸ்ரீ’ போன்றவை வரிக்குக் கீழே இறங்குபவை. வரி உயரத்தை 1 அல்லது 1.2 என்று இறுக்கி வைத்தால் அவற்றின் வால் வெட்டுப்படும், சில சமயம் தேவையில்லாமல் ஒரு குட்டிச் செங்குத்துப் பட்டையும் எட்டிப்பார்க்கும். வரி உயரம் 1.6, மேலும் கீழும் கொஞ்சம் ‘பேடிங்’. சரியாகிவிடும்.

பக்கவாட்டில் தள்ளவைப்பதே தவறு, ஒவ்வொரு வரிசையையும் தனி அட்டையாக அடுக்க வேண்டும் என்கிறார்களே?

2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 அணுகல் நெறியில் 1.4.10 என்ற விதி இருக்கிறது. 320 பிக்சல் அகலத்தில் உரையைப் படிக்க இரண்டு திசையில் உருட்டவைக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதே விதி, பொருள் விளங்க இரண்டு திசை அமைப்பு தேவைப்படுபவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. தகவல் அட்டவணை அந்த விலக்கில் வரும்.

எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு. படிப்பவர் எப்படிப் படிக்கிறார் என்று பாருங்கள். கொள்முதல் நிலையத்தில் ஒரு விவசாயி போட்ட நெல்லின் விவரம் என்றால் (ரகம், 40 கிலோ மூட்டை எத்தனை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா, தொகை) அவருக்கு வேண்டியது அவருடைய ஒரு வரிசை மட்டும். அதை அட்டையாக அடுக்குவது நல்லது, தள்ளவே வேண்டாம். நீர் அட்டவணை அப்படி இல்லை. நேற்று வெண்ணாற்றில் எவ்வளவு, முந்தாநாள் எவ்வளவு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண் மேலிருந்து கீழே ஓடும். கடைமடைக்காரர் அதை வைத்துத்தான் தன் வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று கணிக்கிறார். நாளுக்கு ஓர் அட்டையாக அடுக்கினால் அந்த ஒப்பீடு செத்துப்போகும். அங்கே உருள்பட்டைதான் சரி.

தள்ளுவதற்குப் பதில் ‘மார்க்கீ’ போட்டு எண்களை ஓடவிடலாமா?

வேண்டாம். அந்த டேக்கைப் பயன்படுத்தக் கூடாது என்றே எச்டிஎம்எல் தரம் சொல்கிறது. ஓடுகிற எண்ணை நிறுத்திப் படிக்க முடியாது, தவறவிட்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

அட்டவணையைத் தள்ளப் போய் முந்தைய பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது.

அட்டவணை விளிம்பை எட்டிய பிறகும் தள்ளினால் பிரவுசர் அதைப் ‘பின்செல்’ என்று எடுத்துக்கொள்கிறது. டிவ்வுக்கு ‘ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர்-எக்ஸ்: கன்டெய்ன்’ கொடுங்கள்.

இணையப் பக்கம் இல்லை, ஆண்ட்ராய்டு ஆப்பும் விண்டோஸ் மென்பொருளும் செய்கிறேன். அங்கே?

அங்கே தனி டேக் உண்டு. ஆண்ட்ராய்டின் எக்ஸ்எம்எல் வடிவமைப்பில் ‘ஹரிசாண்டல்ஸ்க்ரோல்வியூ’. அதற்கு நேரடியாக ஒரே ஒரு பிள்ளைதான் இருக்கலாம், அதனால் எல்லாவற்றையும் ஒரு லேஅவுட்டுக்குள் போட்டு அதை உள்ளே வையுங்கள். இதில் ஒரு நல்ல வசதி: ‘ஃபேட்ஸ்க்ரோல்பார்ஸ்’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் பட்டை மறையாமல் எப்போதும் நிற்கும். செல்போன் பிரவுசரில் நான் ஏங்கிய விஷயம் இது, ஆப்பில் ஒரு வரியில் கிடைக்கிறது.

விண்டோஸில் டபிள்யூபிஎஃப் (விண்டோஸ் மென்பொருளுக்குத் திரை வடிவமைக்கும் கட்டமைப்பு) என்றால், அதன் வடிவமைப்பை எழுதும் ஸாமல் கோப்பில் ‘ஸ்க்ரோல்வியூவர்’. கிடைமட்டப் பட்டை அதில் இயல்பாகவே ‘டிசேபிள்ட்’ நிலையில் இருக்கும். ‘ஹரிசாண்டல்ஸ்க்ரோல்பார்விசிபிலிட்டி’யை ‘ஆட்டோ’ ஆக்க வேண்டும். ‘ஹிடன்’, ‘டிசேபிள்ட்’ இரண்டும் ஒன்றல்ல. ஹிடனில் உள்ளடக்கம் அகலமாகவே இருக்கும், பட்டை மட்டும் தெரியாது. டிசேபிள்டில் உள்ளடக்கத்தைப் பெட்டி அகலத்துக்குள் அடக்கப் பார்க்கும். ஆட்டோ கொடுத்தும் வரவில்லை என்றால், அதைக் கிடைமட்ட ‘ஸ்டாக்பேனல்’ (உள்ளே இருப்பவற்றை வரிசையாக அடுக்கும் பெட்டி) ஒன்றுக்குள் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது பிள்ளைக்கு எல்லையில்லாத அகலம் கொடுக்கும், எல்லை இல்லாத இடத்தில் வழிவதற்கு ஒன்றும் இல்லை. ‘கிரிட்’டுக்குள் மாற்றிப் போடுங்கள்.

அச்சடித்தால் பாதி அட்டவணைதான் வருகிறது.

தாளில் தள்ள முடியாது, அதனால் பெட்டிக்கு வெளியே இருந்தது வெட்டுப்பட்டுப் போகிறது. எங்கள் ஊரில் இந்த அட்டவணையை வாரம் ஒருமுறை அச்சடித்துக் கூட்டுறவுச் சங்கச் சுவரில் ஒட்டுகிறார்கள், போன் இல்லாதவர்கள் அங்கேதான் பார்க்கிறார்கள். அச்சுக்கான மீடியா விதியில் ஓவர்ஃப்ளோவை ‘விசிபிள்’ ஆக்குங்கள், மேக்ஸ்-ஹைட்டை ‘நன்’ ஆக்குங்கள், ஸ்டிக்கியை ‘ஸ்டாட்டிக்’ ஆக்குங்கள், மின்-விட்த்தை 0 ஆக்குங்கள். தாளை ஏ4 படுக்கைவாக்கில் வைத்தால் எங்கள் 9 நெடுவரிசையும் 10 புள்ளி எழுத்தில் அடங்குகிறது. ‘வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள்’ என்ற வரியை அச்சில் மறைத்துவிட மறக்காதீர்கள். தலைப்பு வரிசையை ‘டிஹெட்’ டேக்குக்குள் வைத்திருந்தால் அடுத்த தாளிலும் அது தானாக வரும்.